கைமடிக்கு எதுக்கு வாய்?

"அண்ணா, செவுத்தையே பாத்துட்டு நின்னா எப்படீங்க? இக்கட்ட வாங்க" என்றார் கௌசல்யா.

கௌசல்யா பிசியோதெரபிஸ்ட். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மூட்டு வலி, தசை வலிகளுக்குக் கையால் அழுத்தி, நீவி வைத்தியம் பார்க்கிறவர். மண்ணரையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் அவருடைய கிளினிக். முட்டி வலிக்காரர்களை மாடி ஏறச் சொல்கிற புண்ணியவதியை என் வாழ்க்கையில் அங்கேதான் முதலில் பார்த்தேன். பதினெட்டுப் படி. படிக்கு ஒரு வசவு வீதம் வைதுகொண்டே ஏறுவேன்.

அது நான் அங்கே போன இரண்டாவது தடவை. "அடுத்த வாட்டி ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க்கா" என்று சொல்லியிருந்ததால் சூசையும் வந்திருந்தார்.

நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சேலையை வலது முட்டிக்கு மேல் ஏற்றி விட்டிருக்கிறேன். சூசை கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் தாண்டிய மனுஷன். ட்யூப் லைட் வெளிச்சத்தில், இன்னொருத்தர் முன்னால் பெண்டாட்டியின் முட்டியைப் பார்க்க வெட்கம்!

"கையக் குடுங்க்ணா" என்றார் கௌசல்யா.

ஊசி போட வந்த பிள்ளை மாதிரி கையை நீட்டினார். கௌசல்யா அந்தக் கட்டைவிரலைப் பிடித்து என் முட்டிச் சிப்பிக்குக் கீழே கொண்டுவந்து வைத்து, "இந்த எடம்" என்று அழுத்தினார்.

"யேசுவே!" என்று கத்திவிட்டேன். பாதி ஜெபம், பாதி வசவு.

மூன்றாவது மாடி

அந்தக் கட்டைவிரலுக்கு வருவதற்குள் அந்தச் சவத்து முட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வீடு மாறிய கூத்தைப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். புது வீடு மூன்றாவது மாடி. காற்று வரும், தண்ணீர் வரும், எல்லாம் வரும் என்று சொன்ன தரகர், முட்டி வலி வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

அதே மாதத்தில் கம்பெனியில் ஒரு அவசர ஆர்டர். திருப்பூரில் அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட் என்று அர்த்தம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். நான் பவர்டேபிள் டைலர். மோட்டார் வைத்த மிஷினில், வலது காலால் பெடலை மிதித்து மிதித்துத் தைக்கிற வேலை. எனக்கென்று போட்டிருந்த ஸ்டூலோ குட்டையானது. நாள் முழுக்க முட்டி மடங்கியே இருக்கும். அதற்குமேல் வீட்டுக்கு வந்து மூன்று மாடி.

முதலில் படி இறங்கும்போது ஒரு சுருக். பிறகு ஏறும்போது. பிறகு உட்கார்ந்து எழுந்திருக்கும்போது. கடைசியில் பெடலை மிதிக்கும்போதும் வந்துவிட்டது. முட்டிச் சிப்பிக்கு நேர் கீழே, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் அத்தனை வலியும் குடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பின் வரிசையில் இருக்கிற வயதான பெண்கள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். எனக்கு நாற்பத்தேழு வயதுதான்! அவர்கள்மேல் வந்த கோபம் பூசை முடிகிற வரைக்கும் தீரவில்லை.

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. எங்கள் ஊரில் முட்டி வலிக்கு எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்" என்பார் ஒருவர். "தேஞ்சிருக்கும், ஆபரேஷன்தான்" என்பார் அடுத்தவர். பயந்துபோய் எலும்பு டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பும் ஜவ்வும் நன்றாகத்தான் இருக்கின்றன, பிசியோதெரபிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அளவெடுத்துத் தைத்த உறை

முதல் தடவை போனபோது கௌசல்யா என் முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் முட்டியில் நான் போட்டிருந்த உறையைத்தான் பார்த்தார்.

கடையில் விற்கிற உறையை வாங்கிப் போட டைலருக்குக் கேவலம் இல்லையா? நானே தைத்தேன். ரிப் துணி, அதாவது பனியன் கழுத்துக்கு வைப்பார்களே, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குகிற துணி, அதை இரண்டு மடிப்பாக வெட்டி, மேலும் கீழும் அகல எலாஸ்டிக் வைத்து, ஓவர்லாக் அடித்து மூட்டியிருந்தேன். ஏற்றுமதிக்கே அனுப்பலாம். அப்படி ஒரு ஃபினிஷிங்.

கௌசல்யா அதைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, இது எங்க வாங்குனீங்க?"

"நான் தச்சது" என்றேன், பெருமையாக.

"தையல் அருமையா இருக்குதுங்க்கா. ஆனா இந்த மூட்டு எங்க வருதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். துணியை மூட்டின இடத்தில் வருகிற அந்தத் தடித்த தையல், உறையைப் போட்டால் சரியாக முட்டிச் சிப்பிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. நான்கு மாதமாக, வலிக்கிற இடத்தின் மேலேயே ஒரு கயிற்றை வைத்து, எலாஸ்டிக் போட்டு அழுத்திக் கட்டி, அதோடு பன்னிரண்டு மணி நேரம் பெடல் மிதித்திருக்கிறேன். பனியன் ஊர்க்காரி ஒருத்தியால்தான் இப்படி ஒரு தப்பை இத்தனை அழகாகத் தைக்க முடியும்.

கௌசல்யா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. அன்றைக்கு அந்த அறையில் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இது ஜவ்வு இல்லீங்க்கா. தொடையில இருக்கிற பெரிய தசை முட்டிச் சிப்பியப் புடிச்சு, கீழ எலும்போட கட்டியிருக்குது பாருங்க, அந்தக் கட்டுத்தான் நோவுது. தசைநாண்னு சொல்லுவோங்க."

"நாணாவது ஒண்ணாவது. டைலர்கிட்ட எலாஸ்டிக்குனு சொல்லுங்க, புரியும்."

"செரி, எலாஸ்டிக்குன்னே வெச்சுக்கலாங்க. ஆனா எலாஸ்டிக் இத்துப்போனா நீங்க பிரிச்சுட்டு வேற வெப்பீங்க. இத மாத்த முடியாது. கையால பதப்படுத்தி, கொஞ்சங் கொஞ்சமா வேலை குடுத்துத்தான் தேத்தோணும்."

பிறகு கேட்டார்: "கால் செரியானா மொதல்ல என்ன செய்யோணும்னு ஆசைங்க்கா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாம். யோசிக்கவே இல்லை. "என் மிஷின்ல போய் உக்காரணும்" என்றேன்.

"மலை ஏறோணும்பாங்க, ஓடோணும்பாங்க. உக்காரோணும்னு கேட்டது நீங்கதாங்க்கா" என்றார்.

அவருக்குத் தெரியாது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கம்பெனியில் என்னை மிஷினை விட்டு எழுப்பியிருந்தார்கள்.

கை மாறிய கதை

லைன் சூப்பர்வைசர் பாலு நல்ல பையன். என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல்தான் சொன்னார். "அக்கா, கோச்சுக்காதீங்க. கால இழுத்து இழுத்து மிதிக்கிறீங்க. பாக்கவே சங்கட்டமா இருக்குது. கொஞ்ச நாளைக்குக் கைமடியா உக்காருங்க. கால் செரியான பொறவு பாத்துக்கலாங்க."

திருப்பூருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தை புதிதாக இருக்கும். டைலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி, நூல் வெட்டி, மடித்து வைக்கிறவருக்குப் பெயர் கைமடி. முதன்முதலில் கம்பெனிக்கு வருகிற எல்லோரும் கைமடிதான். நானும் அப்படித்தான் வந்தேன்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ரயிலேறி வந்தோம். சூசை அப்போது ஓவர்லாக் டைலர். அவருக்கு நான் கைமடி. புருஷன் தைப்பார், பெண்டாட்டி நூல் வெட்டுவாள். அந்த லைனில் அப்படி ஐந்தாறு ஜோடிகள் இருந்தோம்.

வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் கை ஏற்றுகிற வேலை. டீஷர்ட்டின் உடம்போடு கையைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்த மாடலில் கைக்கு முன்பக்கம் வளைவு அதிகம். வலது கையை இடது பக்கம் ஏற்றினால் கக்கத்தில் சுருக்கம் விழும். நாலைந்து பீஸ் நூல் வெட்டின பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. விரித்துப் பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

"ஏங்க, கை மாறிப் போயிருக்கு" என்றேன்.

அவர் மிஷினை நிறுத்தாமல், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கைமடிக்கு எதுக்குட்டி வாயி?"

லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பத்தொன்பது வயதில் வேறு என்ன செய்யத் தெரியும்?

சாயங்காலம் அந்தக் கட்டு முழுக்க செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. எல்லாமே கை மாறியிருந்தது. மறுநாள் பூராவும் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பிரித்தேன். அவர் பாட்டுக்கு அடுத்த கட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். வேலை விட்டுப் போகும்போது டீக்கடையில் எனக்கு மட்டும் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு அதற்குள் இருக்கிறதா என்று பிய்த்துப் பிய்த்துப் பார்த்தேன். தேங்காய்தான் இருந்தது.

அன்றைக்கு முடிவு செய்ததுதான், நான் டைலர் ஆவது என்று. மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, மீதி நேரத்தில் ஆள் இல்லாத மிஷினில் வேஸ்ட் துணியை வைத்துத் தைத்துத் தைத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷத்தில் பவர்டேபிளில் உட்கார்ந்தேன். அவர் பிறகு கட்டிங் மாஸ்டர் ஆகி வேறு கம்பெனிக்குப் போனார். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வெளியூர் போய்விட்டார்கள். சூசை நல்ல மனுஷன், என்னை அதற்கப்புறம் ஒரு சொல் சுடச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். பாலு "கைமடியா உக்காருங்க" என்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? மிஷினை விட்டு ஒருமுறை எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கழிவறைக்குப் போய் அழுதேன். முட்டி வலிக்கு ஒருநாளும் அப்படி அழுததில்லை.

குறுக்கே

இனி அந்தக் கட்டைவிரல்.

"அண்ணா, நீங்க கட்டிங் மாஸ்டருங்களா? துணியத் தொட்டாலே என்ன கனம்னு சொல்லீருவீங்களே?" என்று கேட்டார் கௌசல்யா.

"ஒரு மாதிரி சொல்லிருவேன்" என்றார் சூசை. அவருக்கு அது ஒன்றில்தான் கர்வம்.

"அப்ப இதும் சொல்லுவீங்க. மொதல்ல நல்ல காலத் தொட்டுப் பாருங்க. அப்பறம் நோவுற கால்."

சூசை என் இடது முட்டிக்குக் கீழே விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். துணி பார்க்கும்போதும் அப்படித்தான் மூடுவார். பிறகு வலது. எத்தனை பேல் துணியைத் தொட்ட விரலோ, அத்தனை மெதுவாக வந்தது.

"இது நைஸா இருக்கு. அது தடிச்சுப்போயி, சூடா இருக்கு" என்றார்.

"நூத்துக்கு நூறுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் நான் பாக்கறேன். மத்த நாள்ல ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க ஊட்டுல செய்யோணும். அக்காவே குனிஞ்சு தேச்சா தொடை இறுகிக்கும், அதனால பிரயோசனமில்லீங்க."

காங்கேயத்திலிருந்து வாங்கி வைத்த செக்குத் தேங்காயெண்ணெயைக் காய்ச்சித் தினமும் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் உருவிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். கௌசல்யா தலையை ஆட்டினார்.

"இதுக்கு எண்ணெய் வேண்டாங்க்கா. வெரல் வழுக்கீரும். வெரலும் தோலும் ஒண்ணா நகரோணும். அப்பறம், மேல இருந்து கீழ வேண்டாம். நாருக்குக் குறுக்கால, இப்படி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்."

சூசைக்கு முகம் மலர்ந்தது. "பனியன் துணியும் குறுக்க இழுத்தாத்தான் விரியும். நீளத்துல இழுத்தா ஒண்ணும் நடக்காது."

"அதேதானுங்க்ணா!"

"பத்துக்கு எத்தனை வலிக்குதுங்க்கா?" என்று தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார் கௌசல்யா.

"பன்னெண்டு."

"நாலத் தாண்டக் கூடாதுங்க. தாண்டுனா அண்ணன் கையத் தளத்தோணும். ரெண்டு நிமிஷத்துல மரத்து, வலி எறங்கீரும். எறங்கலீன்னா நிறுத்தீருங்க."

இறங்கியது. நிஜமாகவே இறங்கியது. கையை எடுத்துவிட்டுக் கௌசல்யா ஒன்று சொன்னார். "கை பாதிதாங்க்கா. வலியத் தணிக்கும், அவ்வளவுதான். மீதி நீங்க செய்யற பயிற்சி. மூணு மாசம் ஆகும். அவசரப்பட்டா மறுக்கா மொதல்ல இருந்துதான்."

பெரிய வியாழன்

வீட்டில் முதல் நாள். சூசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துண்டை மடித்து மடியில் போட்டு, "காலத் தூக்கி வைட்டி" என்றார்.

நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். புருஷன் மடியில் காலைப் போடுவதா? எங்கள் பக்கத்தில் தூங்கும்போது கால் தெரியாமல் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வோம்.

"வேண்டாம்ங்க. பாவம்."

"யாருக்குப் பாவம்?"

"எனக்குத்தான். யாராவது பாத்தா என்ன நினைப்பாக?"

"மூணாவது மாடிட்டி. காக்காதான் பாக்கும்."

நான் அசையவில்லை. அவர் மடியிலிருந்த துண்டை நீவி விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பெரிய வியாழக்கிழமை கோயில்ல, யேசு சீடருக்குக் கழுவுன மாதிரி, சாமியார் பன்னெண்டு பேரு காலக் கழுவுதாருல்லா. அதப் பாவம்னா சொல்லுதோம்?"

"நீங்க என்ன சாமியாரா?"

"இல்லியே. அதான் முட்டியோட நிறுத்திக்கிடுதேன்."

சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரத்தில் இரண்டு காலையும் பிடித்து மடியில் வைத்துவிட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலை, அடுப்பில் காபித் தண்ணீர் கொதிக்கிற நேரம். முதலில் நல்ல முட்டியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு வலது முட்டிக்கு வந்து குறுக்கே தேய்ப்பார். "எத்தன?" என்பார். "அஞ்சு" என்பேன். கை தளரும். "இப்ப?" "மூணு." பேச்சு அவ்வளவுதான். அவர் தலைக்கு மேல் ஃபேன் ஓடும். உச்சியில் முடி கொட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருஷம் அவர் தலையை மேலிருந்து பார்க்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

தேய்த்து முடித்தால் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். சூசைதான் எண்ணுவார். கட்டிங் மேசையில் துணி அடுக்கு எண்ணுகிற அதே ராகம். முப்பதைத் தாண்டினதும் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவார். "படுபாவி மனுஷா, சீக்கிரம் எண்ணும்!" என்று நான் கத்துவதை மூன்றாவது மாடிக் காக்காய்கள் கேட்டிருக்கும்.

எல்லாம் நேராகப் போகவில்லை. இரண்டாவது மாதம் வலி இரண்டுக்கு இறங்கியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை என்று கீழேயிருந்து இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மறுநாள் ஏழு. இனி என் மிஷின் எனக்கு இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சூசை குடத்தைத் தூக்கி மொட்டை மாடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு வந்தார். கௌசல்யா மட்டும் பதறவில்லை. "போச்சாது விடுங்க்கா. ஒரு வாரம் பின்னால போலாம், அவ்வளவுதான்" என்றார்.

சுனிதா

அந்த மூன்று மாதமும் கம்பெனியில் நான் கைமடி. என்னை உட்கார வைத்தது சுனிதாவுக்குப் பக்கத்தில். ஒடிசாவிலிருந்து வந்த பெண். அவளுக்கு பவர்டேபிள் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இப்போது அவள் தைக்க, நான் நூல் வெட்டினேன்.

ஒரு நாள் லேபிள் வைக்கிற வேலை. சுனிதா லேபிளைத் தலைகீழாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த பீஸும் தலைகீழ். அடுத்ததும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. பத்தாவது பீஸில் அவளே கண்டுபிடித்து மிஷினை நிறுத்தினாள்.

"அக்கா, நீ பாத்தே. ஏன் சொல்லலே?"

"கைமடிக்கு எதுக்கு வாய்?" என்றேன். என் வாயிலிருந்து அது அப்படியே வந்தது.

அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "வாய் எல்லாருக்கும் இருக்கு அக்கா" என்றாள். பிறகு ஊசியை எடுத்துப் பத்தில் ஐந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள்.

தப்பு அவளுடையது, பிரிக்கிறதில் பாதி அவளுடையது. இது இத்தனை சுலபமான காரியமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து சூசையின் முகத்தைப் பார்த்தேன். கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்காமலே அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை

நான் மிஷினில் உட்கார்ந்த படத்தை முன்பே கௌசல்யா கேட்டு வாங்கிப் பார்த்து, ஸ்டூல் உயரம் போதாது என்று சொல்லியிருந்தார். சூசை கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து நான்கு விரல் உயரத்துக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். மூட்டுத் தையலை அடிப்பக்கம் வைத்திருந்தார். அதைக் காட்டிக் காட்டி என்னைக் கேலி செய்தது தனிக்கதை.

அந்தத் திங்கட்கிழமை மெத்தையை இடுக்கிக்கொண்டு லைனுக்குள் போனேன். பாலு என் மிஷினைத் துடைத்து வைத்திருந்தார். "ஒரு ஷிப்ட்டுதான். ஒன்றரைன்னு கேட்டீங்கன்னா கௌசல்யாகிட்டக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றேன். "அய்யோ, இல்லீங்க்கா" என்று சிரித்தார்.

உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தேன். மோட்டார் உறுமியது. முதல் தையல் போட்டபோது எனக்குக் கண் மறைத்தது. நேர்த் தையல்தான், ஆனால் கோணலாகப் போயிற்று. சுனிதா எட்டிப் பார்த்து, "அக்கா, கோணல்" என்றாள். "தெரியுதுட்டி" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது சூசை எனக்கு முன்னால் வந்து, துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். இரண்டு காலையும் தூக்கி வைத்தேன்.

"எத்தன?"

"ரெண்டு."

அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். கை தேய்க்கத் தேய்க்க வாயும் ஓடியது. "மெத்தைய இன்னும் அரை இஞ்சு ஏத்தணும். பெடல முழுப் பாதத்துல மிதி, நுனியில மிதிக்காத. ஒரு மணிக்கொருக்கா எந்திச்சு நட..."

விளையாட்டாகத்தான் சொன்னேன். சத்தியமாக விளையாட்டாகத்தான்.

"கைமடிக்கு எதுக்கு வாய்?"

அவர் விரல் நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு மட்டும்தான் அந்த முள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

என் முட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கிக் கை மாறித்தான் போயிருந்துச்சு செல்வி. நீ சொல்லும்போதே தெரிஞ்சிட்டு. எல்லார் முன்னாலயும் தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட மனசு வரல. உன்ன ஒத்தையா உக்கார வச்சுப் பிரிக்க விட்டது பெரிய தப்பு."

"ஆமா" என்றேன். "பெரிய தப்புதான்."

"ஆமாட்டி."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். குறுக்கே, எண்ணெய் இல்லாமல், கௌசல்யா காட்டிக் கொடுத்த மாதிரியே. ஆனால் கண் நிறைந்திருந்ததில் கவனிக்கவில்லை. கை இடது முட்டிக்குப் போயிருந்தது. வலிக்காத முட்டி.

மறுபடியும் மாற்றிவிட்டார் மனுஷன்.

பார்த்தேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.